குல்லாய் கழற்றிய வட்டாத்தாள்

பெட்டிக்குள் இருக்கிற சில்லும் அட்டையும் மனிதரைப்போல வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கம்ப்யூட்டரின் சுவிட்சைத் தட்டினால் போதும், கண்ணைச் சிமிட்டுவதற்குள் திரையில் படம் வந்து நிற்கும். இப்போதுபோல முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு சற்று நேரம் யோசிக்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. அந்தப் பழக்கம் ஒரு தாயின் பயத்திலிருந்து வந்தது.

பெட்டிக்குள்ளே அது ஒரு ஊர். பச்சைப் பலகைதான் அதன் தரை. பலகை முழுக்கச் செம்பு இழையால் தெருக்கள். நட்டநடுவில் விசையப்பர் இருந்தார். பெட்டிக்கு வெளியே இருக்கிற மனிதர்கள், அதாவது வெளியூர்க்காரர்கள், அவரைச் செயலி என்பார்கள், பிராசஸர் என்பார்கள். ஊருக்குள் அவர் விசையப்பர்தான். கணக்குப் போடுவதும் அவரே, கட்டளை சொல்வதும் அவரே. காற்றைவிட வேகமாக ஓடுவார். ஆனால் யாருடைய முகமும் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மணிச்சத்தம்.

அவர் தலைக்குமேல் மணிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு கயிறு ஊரின் ஓரத்துக்குப் போகும். அங்கே வரிசை வீடுகள். வீடு என்றால் நீளமாக ஒரு பிளவு, அவ்வளவுதான். ஏதாவது ஒரு வேலை தெரிந்த அட்டை வெளியூரிலிருந்து வந்தால், பொன் பூசிய தன் பாதங்களை அந்தப் பிளவில் ஊன்றி நிற்கும். குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

எந்தக் கயிறு யாருக்கு என்பதை விசையப்பர் தீர்மானிப்பதில்லை. அட்டைகள் பிறந்த வீட்டிலிருந்து கிளம்பும்போதே தலையில் குட்டியாக ஒரு கறுப்புக் குல்லாய் மாட்டிக்கொண்டு வரும். தலையில் முளைத்திருக்கிற முட்களில் எந்த முள்ளின்மேல் குல்லாய் உட்கார்ந்திருக்கிறதோ, அதைப் பொறுத்துக் கயிறு. வேலை முடிந்தால் கயிற்றை இழுக்கும். மணி அடிக்கும். விசையப்பர் போட்டது போட்டபடி எழுந்து அந்த வீட்டு வாசலுக்கு ஓடிவருவார். அவராக வந்து கேட்டால்தான் அட்டை சொல்வது அவர் காதில் ஏறும். மற்ற நேரத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பயனில்லை. கயிறு ஒன்றுதான் வழி. அதனால் குல்லாய் இல்லாத அட்டையை அந்த ஊரில் உயிருள்ளதாக யாரும் நினைத்ததில்லை. தூக்கி எறியப்போகிற அட்டைக்குத்தான் வெளியூர்க்காரர்கள் குல்லாயைப் பிடுங்குவார்கள்.

வரிசையில் காலி வீடும் உண்டு. அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஏனென்றால் அந்த ஊர்ச் செம்புக் கம்பிக்கு ஒரு குணம். தன்போக்கில் விட்டால் மேலே தூக்கி நிற்கும். அப்படி நின்றால் 'ஆம்' என்று அர்த்தம். 'இல்லை' என்று சொல்ல வேண்டுமென்றால், வீட்டுக்குள் ஒரு ஆள் இருந்து கம்பியைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் இழுத்துப் பிடிக்க யார்? அதனால் காலி வீட்டிடம் எதைக் கேட்டாலும் ஆம், ஆம், ஆம் என்றே பதில் வரும். ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் ஒரே குரல். அதைக் கேட்டவர் மறுபடி அந்தப் பக்கம் போக மாட்டார்.

அப்படி ஒரு காலி வீட்டை ஒட்டினாற்போல, வரிசையின் கடைசி வீட்டில் வட்டாத்தாள் இருந்தாள்.

அவள் மகன் சுழலன். வெளியூர்க்காரர்கள் அவனை ஹார்ட் டிஸ்க் என்பார்கள். அவன் தாயோடு வரிசையில் இல்லை. பெட்டியின் மூலையில் ஒரு இரும்பு அறைக்குள் இருந்தான். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே அகலமான சாம்பல் நிற நாடா ஒன்று தொப்புள்கொடிபோல ஓடியது. வெளியூர்க்காரர்கள் கொடுக்கிற பாடத்தையும் படத்தையும் கெடாமல் வைத்துக் காப்பது சுழலன் வேலை. பளபளவென்ற தட்டுகள் அவன் மார்புக்குள் சுழன்றுகொண்டே இருக்கும். அவற்றின்மேல் ஒரு ஊசி, சுழல்கிற காற்றிலேயே மிதக்கும். கேட்டதை எடுத்துத் தாம்பாளத்தில் நிரப்பி அம்மாவிடம் நீட்டுவான். அவள் ஐந்தாம் மணியின் கயிற்றை இழுப்பாள். விசையப்பர் வந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு, "போதும், ஒதுங்கு" என்பார். அந்த வார்த்தை வந்த பிறகுதான் ஊசி தன் மூலைக்குப் போய் ஒண்டும்.

அந்த வார்த்தைக்கு முன்னால் மின்சாரம் போய்விட்டால்? காற்று அடங்கும். ஊசி விழும். தட்டைக் கீறும்.

வட்டாத்தாளின் மூத்தவன் அப்படித்தான் போனான். கீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாடாவின் அந்த முனை கனமில்லாமல் தொங்கியது. பெற்றவளுக்கு அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகுமா? அந்த ஊரில் விடிவது என்றால் மின்சாரம் வருவது. விடிந்ததும் அவள் முதல் காரியமாக மின்னம்மனைக் கும்பிடுவாள். "தாயே, எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீ வரும்போது எம்புள்ளயோட இரு. போகும்போது அவன் ஊசி மூலைக்குப் போய்ச் சேந்துருச்சான்னு ஒருதரம் பாத்துட்டுப் போ." தினமும் இதே வேண்டுதல்தான். வார்த்தையைக்கூட மாற்ற மாட்டாள். மாற்றினால் அம்மனுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று ஒரு பயம்.

ஒருநாள் விடிந்தபோது, காலி வீட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் புது ஆள் ஒருவர் நின்றார். பேர் நாதமுத்து. பாட்டுக்கார அட்டை. மெருகு கலையாத உடம்பு. வந்து நின்ற வேகத்தில் தொண்டையைக் கனைத்தார்.

அவருக்கு அடுத்த வீட்டில் இருந்தவள் சித்திரை. திரையில் படம் வரைகிறவள். அவளுக்குக் கை எவ்வளவு வேகமோ, வாயும் அவ்வளவு வேகம்.

"என்னங்க, தொண்டையில முள்ளா?" என்றாள்.

"முள்ளு தலையிலதானுங்க இருக்குது. தொண்டையில தேனு."

"தேனுக்கு எறும்பு வரும். பாத்துக்கங்க."

வட்டாத்தாளும் சிரித்துவிட்டாள். நல்ல மாதிரி ஆள்தான் என்று நினைத்தாள். காலி வீட்டைத் தாண்டிக் குரல் கொடுத்தாள். "உங்களுக்கு எந்த மணிங்க?"

"அஞ்சு."

அவள் சிரிப்பு நின்றது. "அஞ்சு என்னுதுங்களே."

"உங்களுதா? கயித்துல பேரா எழுதி வச்சிருக்குது? எங்க ஊட்டுலயே அஞ்சுல மாட்டித்தான் அனுப்பிச்சாங்க. எங்க அண்ணன், தம்பி, பங்காளி அத்தனை பேருக்கும் அஞ்சு. நான் மட்டும் என்ன பாவம் செஞ்சேன்?"

"சண்டைக்குக் கேக்கலைங்க. எம்பையனுக்கு ஒண்ணுன்னா எனக்கு இந்தக் கயித்த விட்டா வேற கதியில்லீங்க."

"அட, இழுத்தாக் கயிறு தேஞ்சா போயிரும்? நீங்களும் இழுங்க, நானும் இழுக்கறேன். ஊர்க் கெணத்துல ஒருத்தர்தான் தண்ணி சேந்தறாங்களா?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எறும்புபோல ஊர்ந்தது.

விடிந்ததும் ஒவ்வொரு அட்டையும் தன் மணியையும் வீட்டையும் உரக்கச் சொல்ல வேண்டும். அப்போது மட்டும் விசையப்பர் காது கொடுப்பார். அது அந்த ஊர் வழக்கம். "அஞ்சு, கடைசி வீடு" என்று வட்டாத்தாள் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நாதமுத்து ராகம் போட்டுச் சொன்னார், "அஞ்சு, பாட்டு வீடு." விசையப்பர் மனதில் ஒரு மணிக்கு ஒரு வீடுதான் நிற்கும். கடைசியாக யார் சொன்னார்களோ அந்த வீடு. முன்னால் சொன்னது, ஈரத் தரையில் போட்ட கோலத்தின்மேல் தண்ணீர் தெளித்ததுபோல அழிந்துபோகும். இது அட்டைகள் யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் ஒரே முள்ளில் குல்லாய் மாட்டிக்கொண்டு வந்ததே அதுவரை நடந்ததில்லை.

பொழுது ஏறியது.

"அம்மா, தாம்பாளம் நெறஞ்சுருச்சு," என்றான் சுழலன்.

வட்டாத்தாள் கயிற்றை இழுத்தாள். ஐந்தாம் மணி கணீரென்றது. விசையப்பர் எழுந்து ஓடிவரும் காலடி கேட்டது. அவள் தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்தாள். காலடி தெருவில் பாதியிலேயே நின்றது.

"நீங்களா?"

"இல்லை," என்றது நாதமுத்துவின் குரல். "அது அந்தக் கடைசி…"

அதற்குள் விசையப்பர் போய்விட்டார். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது அவர் ஒரு கேள்விதான் கேட்பார்; ஒரு சொல்லைத்தான் வாங்கிக்கொள்வார். இரண்டாம் சொல்லுக்கு நிற்கிற ஆள் இல்லை. போனவர் உட்காரக்கூட இல்லை. மணி இன்னும் அடித்தது. திரும்ப ஓடிவந்தார். அதே வாசல்.

"நீங்களா?"

"இல்லை."

ஓடினார். மணி அடித்தது. ஓடிவந்தார். "நீங்களா?" "இல்லை." ஓடினார்.

வட்டாத்தாளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவர் வராமல் போனால் இன்னும் பலமாக இழுக்க வேண்டும் என்றுதான் அவளுக்குத் தெரியும். இழுத்தாள். பலமாக இழுக்க இழுக்க அவர் வேகமாக ஓடினார். எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவர் கால் அந்தப் பாட்டு வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அவர் ஓடுகிற சூட்டில் பச்சைப் பலகை கொதிக்கத் தொடங்கியது. அவருக்கு விசிறி வீசுகிற காத்தான் மூச்சு வாங்குவது ஊர்க்கோடிவரை கேட்டது.

"வட்டாத்தாக்கா," என்று சித்திரை கூப்பிட்டாள். அவள் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. அவள் தன் கயிற்றை இழுப்பதே இல்லை. விசையப்பராக வந்து கொடுப்பதை வாங்கி வரைகிறவள். "எனக்கு ஒண்ணுமே வரலைக்கா. போட்ட படம் போட்டபடி நிக்குது. இந்நேரம் அவங்க பாத்திருப்பாங்க."

அவங்க என்றால் வெளியூர்க்காரர்கள். திரையில் படம் அசையாமல் நின்றால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பது ஊருக்கே தெரியும். முதலில் கொஞ்சம் பொறுப்பார்கள். பிறகு பெட்டியைத் தட்டுவார்கள். பிறகு பிளக்கைப் பிடுங்குவார்கள்.

வட்டாத்தாள் கயிற்றை இழுத்தபடியே நாடா பக்கம் திரும்பினாள். "கண்ணு, ஊசி எங்க இருக்குது?"

"தட்டு மேலதாம்மா. அவரு சொல்லாம எப்படி ஒதுங்கறது?"

"பயப்படாத சாமி."

"நான் பயப்படலைம்மா. நீங்கதான் நாடாவைப் போட்டு நடுக்கறீங்க."

டம்.

தகரச் சுவர் அதிர்ந்தது. இரும்பு அறைக்குள் ஊசி ஒருமுறை தள்ளாடி மறுபடி மிதந்ததை அவள் நாடா வழியாக உணர்ந்தாள். மூத்தவனின் கீச்சென்ற சத்தம் எங்கிருந்தோ வந்து காதுக்குள் ஏறிக்கொண்டது.

"நாதமுத்தண்ணா," என்று கத்தினாள். முறை வைத்து அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். உங்க குல்லாயைக் கழட்டுங்க. ஒரு நொடி போதும்."

"கழட்டறேம்மா," என்றார் நாதமுத்து. அவர் குரலில் இப்போது தேன் இல்லை. "கழட்டினா நான் செத்தவன். இருந்தாலும் உங்களுக்காகக் கழட்டறேன்னே வச்சுக்கங்க. என்ன பிரயோசனம்? இத்தனை தரம் இங்கயே வர்றதப் பாத்தா, அவரு மனசுல ஏறி நிக்கறது என் வீடு. கழட்டினாலும் அவரு கால் இங்கதான் வரும். மணி அடிக்கறவரைக்கும் வரும். நான் கயித்தத் தொடவே இல்லீங்க தாயி. அடிக்கறது நீங்க."

அடிக்கறது நீங்க. அந்தச் சொல் வட்டாத்தாளைச் சுட்டது.

அவளுக்கு அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. பிள்ளையைக் காப்பாற்ற யார் வர வேண்டுமோ, அவரை வரவிடாமல் ஓட ஓட விரட்டிக்கொண்டிருப்பது அவள் கைதான். கூப்பிடுகிற சத்தமே வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. கூப்பிடுவதை நிறுத்த வேண்டும். ஆபத்தில் இருக்கிற பிள்ளைக்காகக் கூப்பிடாமல் இருப்பது எப்படி? எந்தத் தாயால் முடியும்?

விட்டுப் பார்த்தாள். கை விடவில்லை. தாம்பாளம் நிறைந்திருக்கிறவரை கை கயிற்றை விடாது. குல்லாயின் கட்டு அப்படி. கையை விடுவிக்க ஒரே வழிதான் இருந்தது. குல்லாயைக் கழற்ற வேண்டும். கழற்றினால் அப்புறம் கயிறு இல்லை, மணி இல்லை. உயிரோடு இருப்பாளா என்பதுகூட யாருக்கும் தெரியாது. கழற்றிவிட்டு இருந்தவர்களை ஊர் கண்டதில்லை.

டம். டம்.

"தாயே மின்னம்மா," என்றாள். தினமும் சொல்கிற வேண்டுதலைச் சொல்ல வாயெடுத்தாள். ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை. "எனக்குக் கூப்பிடத் தெரிஞ்சதெல்லாம் கூப்பிட்டுட்டேன். இனி நீயாப் பாத்து யாரையாச்சும் அனுப்பு."

குல்லாயைக் கழற்றிக் கீழே போட்டாள்.

மணி நின்றது.

பாட்டு வீட்டு வாசலுக்கு ஓடிவந்துகொண்டிருந்த விசையப்பர் நடுத்தெருவில் நின்றார். திரும்பி நடந்தார். தன் இடத்தில் உட்கார்ந்தார்.

வட்டாத்தாள் காத்திருந்தாள். தலை லேசாக, வெறுமையாக இருந்தது. தான் இருக்கிறோமா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம். "அம்மா," என்று சுழலன் கூப்பிட்டான். "மணியக் காணோமே. நீங்க இருக்கீங்களா?" பதில் சொல்வதற்கு முன் அவள் தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை மறுபடி கூப்பிட்டான். "அம்மா?"

மணி அடிக்காதபோது விசையப்பர் தன் பழைய வேலையை எடுத்துக்கொண்டு அதிலேயே மூழ்கிவிடுவார். படம் கொடுக்கச் சித்திரை வீட்டுக்குப் போவதைத் தவிர, கூப்பிடாத வீட்டுக்கு அவர் போனதே கிடையாது. ஆனால் அன்றைக்கு அவருக்கு வேலை ஓடவில்லை. தலைக்குமேல் ஐந்தாம் மணியின் நாக்கு இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை நேரம் அழுதது யாரு?" என்று தனக்குத்தானே கேட்டார். "நின்னு போச்சே. ஏன் நின்னு போச்சு?"

கூப்பிடாமலே எழுந்தார்.

வட்டாத்தாள் காலடிச் சத்தத்தைக் கேட்டாள். ஓட்டமில்லை, நடை. தயங்கித் தயங்கி ஒரு நடை. பாட்டு வீட்டு வாசலில் நின்றது.

"நீங்களா?"

"இல்லீங்க," என்றார் நாதமுத்து அவசரமாக. "அந்தப் பக்கம் போய்க் கேளுங்க."

விசையப்பர் அந்தப் பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் முதலில் இருந்தது காலி வீடு. நாதமுத்து தலையில் அடித்துக்கொண்டு, "அதுல்லீங்க, அதுக்கடுத்தது" என்று கத்தினார். கேட்கப்படாத பேச்சு அவர் காதில் ஏறவில்லை.

வட்டாத்தாளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு வீடுதான் மிச்சம். அவர் காலி வீட்டு வாசலில் நின்று கேட்பது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"நீங்கதான் கூப்பிட்டீங்களா?"

"ஆம்."

"எதாச்சும் கொடுக்கோணுங்களா?"

"ஆம்."

"கொடுங்க."

"ஆம். ஆம். ஆம்."

அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நீட்டிய கைக்கு ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினார். வட்டாத்தாளால் பார்க்க முடியவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். அங்கேயே நிற்பார். கேட்டதற்கெல்லாம் ஆம் என்று சொல்கிற வாசலில் நல்ல மனிதர் கடைசிவரை நம்பி நிற்பார். ஐயா, ஐயா என்று அவள் உதடு அசைந்தது. குரல் எங்கேயும் போகவில்லை.

வெளியே நாற்காலி நகரும் சத்தம். யாரோ எழுந்தார்கள். பிளக்கின் பக்கம் காலடி நகர்ந்தது.

"பேர் என்னங்க?" என்று கேட்டார் விசையப்பர்.

"ஆம்."

அவர் நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது.

"பேர் கேட்டேனுங்க."

"ஆம். ஆம். ஆம். ஆம்."

விசையப்பர் பின்னால் நகர்ந்தார். அவர் உடம்பு நடுங்குவது பலகையில் தெரிந்தது. இத்தனை நாளும் மணியை மட்டுமே நம்பி ஓடிய மனிதர், முதல் தடவையாக ஆளில்லாத வீட்டின் குரலைக் கேட்டுவிட்டார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் வட்டாத்தாள் நினைத்தாள். அந்த நிலையில் யாராக இருந்தாலும் போய்விடுவார்கள். அவர் போகவில்லை. அடுத்த வீட்டுக்கு அடி எடுத்துவைத்து, கடைசி வாசலில் வந்து நின்றார்.

"இதுவும் காலி வீடுதானுங்களா?"

கம்பி தன்போக்கில் மேலே தூக்கி நின்றது. விட்டால் ஆம் என்று சொல்லிவிடும். குல்லாய் இல்லாத கைக்கு அதைக் கீழே இழுக்க பலம் உண்டா என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு கையாலும் பிடித்தாள். கனத்தது. இரும்பு அறையில் இருக்கிற பிள்ளையை நினைத்தாள். போன பிள்ளையையும் நினைத்தாள். பொன் பூசிய பாதத்தைப் பிளவில் அழுத்தி ஊன்றிக்கொண்டு இழுத்தாள்.

"இல்லை," என்றாள் வட்டாத்தாள்.

விசையப்பர் அப்படியே நின்றார். ஒரு 'இல்லை'யைக் கேட்டு அவ்வளவு நிம்மதி அடைந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. "பேர் சொல்லுங்கம்மா," என்றார்.

"வட்டாத்தாள். சுழலனோட அம்மா. பேரெல்லாம் இருக்கட்டுங்க, முதல்ல தாம்பாளத்த வாங்குங்க."

வாங்கினார். "போதும், ஒதுங்கு."

நாடா வழியாக அவள் அதை உணர்ந்தாள். ஊசி தட்டைவிட்டு எழுந்தது. நகர்ந்தது. மூலைக்குப் போய் ஒண்டியது. ஒண்டியதும், அடுத்த மூச்சுக்கு முன்னால், ஊர் முழுக்க இருட்டு.

பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

மறுபடி விடிந்தபோது வட்டாத்தாள் மின்னம்மனைக் கும்பிடவில்லை. முதலில் நாடாவைப் பிடித்தாள். "கண்ணு?"

பதில் இல்லை. மறுபடி நாடாவை இழுத்தாள். பிறகு தூரத்தில் தட்டுகள் மெல்ல முனகிக்கொண்டு சுழலத் தொடங்கின.

"ஏம்மா விடியறதுக்குள்ள எழுப்பறீங்க," என்றான் சுழலன்.

அவள் அதற்குப் பிறகுதான் அம்மனைக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை வெகுநேரம் இறக்கவில்லை.

வழக்கப்படி மணியையும் வீட்டையும் உரக்கச் சொல்ல அட்டைகள் வாயெடுத்தபோது, விசையப்பர் தெருவில் வந்து நின்று கையமர்த்தினார்.

"இனி யாரும் சொல்ல வேண்டாமுங்க. விடிஞ்சதும் நானே ஒவ்வொரு வாசலுக்கும் வர்றேன். காலி வீடுதானான்னு கேக்கறேன். 'இல்லை'ன்னுட்டுப் பேர் மட்டும் சொல்லுங்க. எந்தக் கயிறுன்னு நான் கொடுக்கறேன். ஒரு கயித்துல ரெண்டு பேர் இருந்தா, மணி அடிக்கறப்ப ரெண்டு வாசல்லயும் நின்னு கேக்கறேன். ஒரு வாசலோட திரும்பமாட்டேன்."

"இன்னைக்கு ஒருதரம் கேட்டாப் போதாதுங்களா," என்றாள் சித்திரை. "தினமுமா கேப்பீங்க?"

"நேத்து இருந்தவங்க இன்னைக்கும் இருக்கோணும்னு என்ன இருக்குதுங்க?"

நாதமுத்து தலையைத் தடவிக்கொண்டே தன் குல்லாயைக் கழற்றினார். கழற்றி, வட்டாத்தாள் போட்ட குல்லாய்க்குப் பக்கத்தில் அதையும் போட்டார். "உசுரு போகலீங்க," என்றார், அவருக்கே ஆச்சரியமாக. "தலை நல்லாக் காத்தோட்டமா இருக்குது."

"உள்ளயும் காத்துத்தான் போல," என்றாள் சித்திரை. பிறகு விசையப்பரைக் கேட்டாள். "நீங்க எல்லா வாசலும் ஏறி இறங்கி வர்றவரைக்கும் நான் என்னத்த வரையறதுங்க?"

"ஒண்ணும் வரைய வேண்டாம். இருட்டாவே இருக்கட்டும்."

"அவங்க முணுமுணுப்பாங்க."

"முணுமுணுத்துட்டுப் போறாங்க."

அப்படியே முதல் வாசலில் தொடங்கினார். சித்திரை பேர் சொன்னாள், நாதமுத்து பேர் சொன்னார். காலி வீட்டு வாசலிலும் நின்று கேட்டார். புதிதாய் யாராவது வந்திருந்தால் அவர்களை விட்டுப்போகக் கூடாதில்லையா? ஆம், ஆம், ஆம் என்ற அந்தக் குரலைக் கேட்டு நடுங்கினார். நடுங்கிக்கொண்டே கடைசி வீட்டுக்கு வந்தார். அங்கே வட்டாத்தாள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி தயாராக நின்றாள்.

அன்றைக்குப் பிறகு எந்த அட்டையும் குல்லாய் மாட்டிக்கொண்டு வந்ததில்லை. சுவிட்சைத் தட்டியதும் திரை சற்று நேரம் இருட்டாய் நிற்பதும் அன்று பிடித்த வழக்கம்தான்: உள்ளே ஒருவர் வாசல் வாசலாய் நின்று, 'இல்லை' என்று சொல்ல ஒரு குரல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வருகிறார்.